காத்தாயி ஏன் கட்டையைக் கீழே வைக்கவில்லை

காத்தாயி இன்றைக்குக் காலையிலும் செத்துப்போனாள். எட்டரை மணி இருக்கும், சண்முகக்கனி ஒரு கையில் இட்லியை வைத்துக்கொண்டு மறுகையால் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே, உப்பு வாருகிற கட்டை ஒடிந்துபோனதை மார்போடு அணைத்துக்கொண்டு, உப்புப் பாத்திக்கு நடுவில் நின்ற வாக்கில் சரிந்தாள். மூன்றடி தள்ளிப் புத்தம்புதுக் கட்டை ஒன்று கிடந்தது. குனிந்து எடுத்திருந்தால் மழைக்கு முன்னால் உப்பை வாரிக் குவித்திருக்கலாம், கூலி வந்திருக்கும், கஞ்சி குடித்திருக்கலாம். எடுக்கவில்லை. விளையாடுகிறவர்கள் புதுக் கட்டையின் மேல் எத்தனை தடவை தட்டினாலும் அவள் தலையை ஆட்டிவிட்டு ஒடிந்ததையே தடவிக்கொண்டு நிற்பாள். இப்படி ஒரு பிடிவாதத்தை நிஜ மனுஷி யாரிடமும் கனி பார்த்ததில்லை. ஆனால் காத்தாயி நிஜ மனுஷி இல்லையே, கனி எழுதிய ஆள்தானே. 'உப்பூர்' என்று பெயர் வைத்து அவர்களுடைய சின்னக் கம்பெனி மூன்று வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டில், உப்பளத்துக்குப் போய்வரும் நூற்றுச்சொச்சம் பேரில் அவள் பதினேழாம் எண். அவரவர் புழங்குகிற சாமான் மேல் அவரவருக்கு ஒரு பாசம் வளரும்படி எழுதியது கனி. அதற்குப் 'பிடிப்பு' என்று பெயர் வைத்ததும் அவள்தான். அறுபது நாள் ஒரே கட்டையால் உப்பு வாரினால் அந்த ஆள் கட்டைக்குப் பெயர் வைப்பார், சாயங்காலம் கழுவித் துடைப்பார், அடுத்தவர் தொட்டால் முறைப்பார். எல்லாருக்கும் பிடித்துத்தான் இருந்தது, கட்டைகள் ஒடியத் தொடங்குகிற வரைக்கும். இப்போது சோதனைக்கு விளையாடுகிறவர்கள் காத்தாயி சாவதைப் படம்பிடித்துப் போட்டுச் சிரிக்கிறார்கள். கம்பெனியை நடத்துகிற தேவசகாயம், எல்லாருக்கும் தேவா, கனியைவிடப் பத்து வயது சின்னவன், நேற்றே சொல்லிவிட்டான்: "நாளைக்கு மூணு மணிக்குள்ள ஒரு வழி சொல்லுங்க கனி. இல்லன்னா பிடிப்பை மொத்தமா தூக்கிருவோம். எந்தக் கட்டை கிடைக்குதோ அதை எடுத்துக்கிட்டுப் போகட்டும்." மணி இப்போது பதினொன்றேகால். கனி உட்கார்ந்திருப்பது ஆபீசில் அல்ல, புரசைவாக்கத்தில் காது மெஷின் கடையொன்றின் முதல் மாடியில், பச்சை சோபாவில், கையில் ஐந்தாம் நம்பர் டோக்கனோடு.

நான்காம் நம்பர் உள்ளே போய் அரைமணியாகிறது. இடது காதில் மெஷின் கரகரத்தது. காற்றில் ஈரம் ஏறினால் அதற்கு இந்த வேலை. மழைக்கு முந்தின நாளே அதற்குத் தெரிந்துவிடும், வானிலை அறிக்கை தோற்றுப்போகும். கனி ஆள்காட்டி விரலால் காதுக்குப் பின்னால் இரண்டு தட்டு தட்டினாள். பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகு ஒரு தட்டு. அப்படித் தட்டினால்தான் அடங்கும், மூன்றையும் சேர்த்துத் தட்டினால் கோபித்துக்கொண்டு விசிலடிக்கும். ஒன்பது வருஷப் பழக்கம். யாராவது கட்டிப்பிடித்தால் விசிலடிக்கும், தலையணையில் சாய்ந்தால் விசிலடிக்கும், மின்சார ரயிலில் எழும்பூர் தாண்டுகிற வளைவில் மட்டும் ஏனோ ஒரு முனகல். ஏழு வயதில் வந்த காய்ச்சல் வலது காதை முழுசாகவும் இடது காதை முக்கால்வாசியும் எடுத்துக்கொண்டு போனது. கல்லூரியில் வாங்கிய பழைய பெட்டி மெஷினை அவள் காதில் போட்ட நாளைவிடப் பையில் போட்ட நாள்தான் அதிகம். இது அப்படி இல்லை. இதை முதன்முதலாகப் பார்த்தபோது அக்கா உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, அவிச்ச கொண்டக்கடலை கணக்கா இருக்கு" என்றாள். அன்றோடு அதற்குச் சுண்டல் என்று பெயர் விழுந்தது. அறுபது நாளெல்லாம் ஆகவில்லை, அறுபது விநாடிகூட ஆகவில்லை. கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் பண்ணினால் முதல் வார்த்தையே அதுதான், சுண்டல் போட்டிருக்கியா. போட்டிருக்கேன் என்று இவள் சொன்ன பிறகுதான் மற்றது. அக்கா ராமலெச்சுமி ரேஷன் கடையில் எடை போடுகிறவள், ஊரே அவளிடம் சத்தம் போடும், அவளும் ஊரையே சத்தம் போடுவாள், கனியிடம் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். ஒரு வாக்கியம், பிறகு கொஞ்சம் சும்மா இருப்பாள், தங்கச்சிக்கு அது போய்ச் சேரட்டும் என்று. சேர்ந்தபிறகு அடுத்த வாக்கியம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உலகத்தில் எல்லாரும் கனியிடம் கத்தினார்கள், அக்கா ஒருத்திதான் இடைவெளி விட்டாள்.

இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு மேலே போகாது, கிணற்று வாளி மாதிரி ஒரே இடத்தில் முட்டி முட்டி நிற்கும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், அக்காவை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அத்தான், அக்காவின் புருஷன், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர், சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று தலையைத் தூக்கி அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "பத்து நாளா போன்ல பேசிக்கிட்டுத்தான இருந்த கனி. அவ மூச்சு வாங்குறது உனக்குக் கேக்கலையா?" யாரோ ஒரு பெண் விசும்பலை நிறுத்திவிட்டு இவளைத் திரும்பிப் பார்த்தாள். இதயம் வீங்கி நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்ததாம், பல நாளாகவே இருந்திருக்குமாம், டாக்டர் சொன்னதாகச் சொன்னார்கள். 'கேட்கவில்லை அத்தான்.' அந்த இரண்டு வார்த்தை அன்றைக்கு வாயிலிருந்து வரவில்லை, இன்றுவரை வரவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோதும் கண்ணைப் பார்க்காமல் வந்துவிட்டாள். கேட்கவில்லையா, கேட்டும் கவனிக்கவில்லையா, அதுதான் அவளுக்கே தெரியாது. மெஷின் மேல் பழியைப் போடலாம், சுலபம். ஆனால் இந்த மெஷின் காதில் இருந்துகொண்டு எத்தனையோ மெல்லிய சங்கதிகளைக் கேட்டவள்தானே, பக்கத்து மேஜைக்காரி அழுகையை அடக்குவதைக் கேட்டவள்தானே. அப்படியென்றால் அக்காவின் மூச்சு மட்டும் எப்படித் தப்பியது. போனில் அக்கா கடைசியாக அனுப்பிய குரல் செய்தி இருக்கிறது. நாற்பத்தோரு விநாடி. அதை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. மாங்காய் ஊறுகாய் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறாள், மூடி லூசு, சாய்த்துவிடாதே, அவ்வளவுதான் விஷயம். நடுவில் ஒரு நான்கு விநாடி வெறுமனே இருக்கும். அக்கா வழக்கம்போல இடைவெளி விடுகிறாள். கேட்க ஒன்றுமில்லாத அந்த நான்கு விநாடிதான் கனிக்கு ரொம்பப் பிடித்த இடம். புது மெஷினில் அந்த இடத்தில் என்ன இருக்கும். இதற்காகத்தான் ஒரு வருஷமாக இந்தக் கடைக்கு வராமல் தள்ளிப்போட்டாள், ஆபீசில் வேலை, வீட்டில் வேலை, மழை, வெயில் என்று. போன மாதம் சுண்டல் ஒரு மீட்டிங் நடுவில் பத்து நிமிஷம் மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்த பிறகு வேறு வழியில்லை.

"அஞ்சாம் நம்பர், மேடம், நீங்கதான்" என்று கதவைத் திறந்து கை காட்டினாள் பெனாசிர், இங்கே காது சோதிக்கிற பெண். உதடு தெரியும்படி முகத்தை நேராக வைத்துப் பேசினாள், தொழில் தெரிந்தவள். மெஷினைக் கழற்றச் சொல்லிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துக் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். சுண்டலைக் கழற்றியதும் வழக்கம்போல உலகம் தண்ணீருக்கடியில் போயிற்று. கூண்டுக்குள் ஒரு பொட்டுச் சத்தம். அழுத்தினாள். இன்னொன்று. அழுத்தினாள். அடுத்தது சத்தமா, சத்தம் வரும் என்ற எதிர்பார்ப்பா. அழுத்துவதா வேண்டாமா. பரீட்சையில் தோற்கக்கூடாது என்கிற சின்னப்பிள்ளைத்தனம் இந்த வயதிலும் போகவில்லை, கேட்காததற்கும் சேர்த்து இரண்டு அழுத்து அழுத்தினாள். பெனாசிர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டாள், எல்லாரும் செய்வதுதான் போலிருக்கிறது. கேட்காத நேரத்தில் காத்தாயி வந்து நின்றாள். எண்ணிக்கை. பிடிப்பை எண்ணிக்கையால் எழுதியதுதான் தப்பா. ஒரு நாள் புழங்கினால் ஒன்று கூடும். அறுபது வந்தால் பெயர். எண்பது வந்தால் விடமாட்டார். கூடிக்கொண்டே போகும், குறையவே குறையாது. குறையும்படி ஒரு வரி எழுதுங்கள் என்று தேவா முதலிலேயே சொன்னான், இவள்தான் கேட்கவில்லை, பாசம் எப்படிக் குறையும் என்று சண்டை பிடித்தாள். அக்கா கொடுத்த பெயரோடு ஒரு மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு இருக்கிறவள் வேறு எப்படி எழுதுவாள். ஆனால் பெட்டி மெஷினையும் நான்கு வருஷம் வைத்திருந்தாளே, அதன் மேல் ஒரு துளி பாசம் வந்ததா. வரவில்லை. அதன் வழியாக யாரும் அவளிடம் வந்து சேரவில்லை, பேராசிரியரின் இருமலைத் தவிர. அப்படியென்றால் எத்தனை நாள் என்பது கணக்கே இல்லை, அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதுதான் கணக்கு. காத்தாயியின் கட்டைக்கு என்ன நடந்தது. அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வாரம் அந்தக் கட்டையோடுதான் இரண்டு ஆள் வேலை பார்த்தாள், விளையாட்டின் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் கட்டைக்கு அது தெரியாது, எண்பத்து மூன்று என்பது மட்டும்தான் தெரியும். பொட்டுச் சத்தம். அழுத்தினாள். இது நிஜமாகவே கேட்டது.

புது மெஷின் விரல்நகம் அளவுதான் இருந்தது, சாம்பல் நிறம், எந்தக் கடலையையும் ஞாபகப்படுத்தவில்லை. பெனாசிர் அதைக் காதில் பொருத்தித் தன் கம்ப்யூட்டரில் எதையோ இழுத்தாள், உடனே அறை கனியின் மேல் வந்து விழுந்தது. ஏசி ஓடுகிறது. ஏசிக்குள் இன்னொன்று ஓடுகிறது. பெனாசிரின் வளையல், நாற்காலியின் ரெக்சின், தன் துப்பட்டா தன் தோளில் உரசுவது, அதற்குக்கூட ஒரு சத்தம் உண்டா. "எப்படி மேடம் இருக்கு?" என்றாள் பெனாசிர். அவள் குரலில் ஒரு கீற்றுக் கரகரப்பு இருந்தது, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் இல்லாதது. "ரொம்ப இருக்கு" என்றாள் கனி. அவளுடைய குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது, கொஞ்சம் மூக்கால் பேசுகிற ஒரு நடுவயதுக்காரி. இத்தனை நாளும் இப்படியா பேசிக்கொண்டிருந்தோம், யாரும் சொல்லவில்லையே. "பழைய மெஷின்ல இதெல்லாம் வராது மேடம். மெல்லிசா வந்துக்கிட்டே இருக்குற சத்தத்தை எல்லாம் அது வெறும் இரைச்சல்னு நெனச்சு அமுக்கிரும். பேன் சத்தம், காத்து, அந்த மாதிரி." "மூச்சு?" என்று கேட்டாள் கனி. கேட்டுவிட்டுத்தான் கேட்டது தெரிந்தது. "மூச்சுச் சத்தமும்தான். அதுலயும் போன்ல வர்றதுன்னா கேக்கவே வேணாம்." கனி தலையை ஆட்டினாள். இரைச்சலென்று நினைத்து அமுக்கிவிடும். சுண்டல் மேஜைமேல் கண்ணாடித் தட்டில் கிடந்தது, காதின் எண்ணெய் ஏறி ஓரம் பழுத்து, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி. பெனாசிர் ஒரு படிவத்தை எடுத்தாள். "இப்ப எக்ஸ்சேஞ்ச் இருக்கு மேடம், பழசைக் குடுத்துட்டா இதுல கொறச்சிப்பாங்க. பெட்டி இருந்தா பெட்டியோட குடுங்க." குடுத்தால் என்ன செய்வார்கள் என்று கனி கேட்டாள். "சாயங்காலமே கம்பெனிக்குப் போயிரும். வெளிய வித்துரக்கூடாதுன்னு அங்க உடைச்சிருவாங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள், தினம் சொல்கிறவள். கனியின் கை தானாகப் போய்த் தட்டில் கிடந்ததை மூடிக்கொண்டது. மூடிய பிறகு தன் கையையே பார்த்தாள். மூன்றடியில் புதியது, கையில் ஒடிந்தது, விடமாட்டேன் என்கிறவள். சாயங்காலம் உடைத்துவிடுவார்கள். சாயங்காலம். உப்பூரிலும் சாயங்காலம்தான். தரையில் கிடக்கும் சாமான் கூடிப்போனால் விளையாட்டு மந்தமாகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே ஒரு கூட்டுகிறவனை எழுதினாள், தினம் மாலை ஆறு மணிக்கு வந்து கீழே கிடப்பதையெல்லாம் அள்ளி அடுப்புக்கு விறகாக்கிவிடுவான். பிறகு வேறொரு நாள், வேறொரு காரணத்துக்காக, ஆட்கள் எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு நாள் முன்கூட்டி யோசிக்கும்படி எழுதினாள். இரண்டும் அவள் கையால் எழுதியதுதான், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. உப்பூரில் ஒரு சாமான் கையில் இருக்கலாம், இல்லையென்றால் தரையில் இருக்கலாம், மூன்றாவதாக ஓர் இடம் கிடையாது. காத்தாயிக்குப் பைத்தியம் இல்லை. புதுக் கட்டையை எடுக்க வேண்டுமென்றால் பழையதைக் கீழே வைக்க வேண்டும், வைத்தால் ஆறு மணிக்கு அது விறகு. அவளுக்கு அது தெரிந்திருந்தது.

"கொஞ்சம் வெளிய நடந்து பாத்துட்டு வாங்க மேடம், ரோட்டுல எப்படிக் கேக்குதுன்னு தெரியணும். பதினஞ்சு நிமிஷம். அப்புறம் சரிபண்ணித் தர்றேன்" என்றாள் பெனாசிர். பழசை இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வாள் என்று கனி பயந்தாள், சொல்லவில்லை. கைக்குள் பொத்திக்கொண்டே படியிறங்கினாள். தெரு அவளைத் தூக்கி அடித்தது. பஸ்ஸின் பிரேக், ஆட்டோ, நகைக்கடை வாசலில் மைக் பிடித்தவன், கரும்பு மெஷினில் நசுங்குகிற சத்தம், செருப்புகள், இத்தனை செருப்புகளுக்கும் தனித்தனிச் சத்தம். மணி பன்னிரண்டு பத்து. தேவாவுக்கு இப்போதே எழுதிவிடலாம், காரணம் கிடைத்துவிட்டது. எழுது, எழுதிவிட்டு ஆபீசுக்குப் போ. கால் போகவில்லை. மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அந்த நாற்பத்தோரு விநாடிக்குத்தான் இனி நேரம் இல்லை, இந்தப் பதினைந்து நிமிஷத்தில் கேட்காவிட்டால் புது மெஷினே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள், அவளை அவளுக்குத் தெரியும். மூச்சு கேட்டுவிட்டால் என்ன ஆகும். மூச்சு இருந்திருக்கிறது, ஊருக்கெல்லாம் கேட்டிருக்கிறது, செவிட்டுத் தங்கச்சிக்கு மட்டும் கேட்கவில்லை என்று ஆகும். கேட்காவிட்டால். கேட்காவிட்டால் அத்தான் சொன்னது பொய் என்று ஆகும், பொய் சொல்லுகிற மனுஷரும் இல்லை அவர். எது வந்தாலும் அக்கா வரப்போவதில்லை. ஆனாலும் தெரிய வேண்டும். ஒரு ஜவுளிக்கடைக்குப் பக்கத்துச் சந்தில், பூட்டிக்கிடந்த பாத்திரக் கிடங்கின் படியில், வெயிலைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். வழக்கம்போல போனைக் காதுக்கு மேலே, சுண்டல் சத்தம் வாங்குகிற வாய் இருக்கும் இடத்தில் வைத்தாள். இந்த மெஷினுக்கு வாய் அங்கே இல்லை என்று உறைத்துக் கீழே இறக்கினாள். பிறகு அழுத்தினாள்.

"கனி, நான்தான்." யார் இது. ஒரு கணம் யாரோ ஒரு பொம்பளை. அக்காவின் குரல் இவ்வளவு சன்னமானதா, அடியில் இப்படி ஒரு நூல் ஓடுமா. பிறகு மெதுவாக அந்தக் குரலுக்குள்ளிருந்து அக்கா வந்தாள், கூட்டத்தில் முகம் தெரிகிற மாதிரி. "மாங்கா ஊறுகா பஸ்ஸுல குடுத்துவிட்டுருக்கேன்." இடைவெளி. இடைவெளியில் ஒரு இழுப்பு. "டிரைவர் நம்பர் அனுப்பியிருக்கேன். காலைல போயி வாங்கிக்க." இழுப்பு, அதன் நுனியில் ஒரு சின்ன விசில், சுண்டல் அடிப்பது மாதிரியே. "மூடி லூசா இருக்கு, சாச்சிராத." பிறகு அந்த நான்கு விநாடி. வெறுமையாக இருந்த, அவளுக்கு ரொம்பப் பிடித்த அந்த நான்கு விநாடி. அது வெறுமையாக இல்லை. அக்கா அதற்குள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து இழுக்கிறாள், பாதியில் அது நின்றுபோகிறது, மறுபடி இழுக்கிறாள், ஈரத் துணியைத் தரையில் இழுக்கிற மாதிரி நெஞ்சுக்குள் ஏதோ அரைபடுகிறது, போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பாள் போல, சத்தம் கொஞ்சம் விலகிப்போய்த் திரும்பி வருகிறது. மறைக்கப் பார்த்திருக்கிறாள். யாரிடம். கேட்காத தங்கச்சியிடமே மறைக்கப் பார்த்திருக்கிறாள். "சுண்டல் போட்டுக்கிட்டுத்தான கேக்க?" சிரிப்பு, சிரிப்பில் பாதி காற்று. "சரி, வைக்கேன்." கனி போனை மடியில் வைத்தாள். அழுகை வந்தது, அழுதாள், தன் அழுகைக்கு என்ன சத்தம் என்பதை முதன்முதலாகக் கேட்டாள், நன்றாக இல்லை. நிறுத்தி நிறுத்திப் பேசினாளே, தங்கச்சிக்காகவே முப்பத்தைந்து வருஷமாக நிறுத்தி நிறுத்திப் பேசினாளே, அந்த இடைவெளிக்குள்ளேயே மூச்சையும் ஒளித்துவைத்துக்கொண்டாள். அன்றைக்கு நிறுத்தியது பாசத்துக்கா மூச்சுக்கா என்று பிரிக்க இனி யாராலும் முடியாது. இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கையை விரித்தாள். சுண்டல் வியர்வையில் நனைந்து கிடந்தது. நீதானே, என்று அதைப் பார்த்தாள். கோபம் வந்தது, நன்றாகவே வந்தது, சாக்கடை பக்கத்தில்தான் இருக்கிறது, விட்டெறிந்தால் கேட்க ஆளில்லை. பத்து நாள் என் அக்காவின் மூச்சை இரைச்சல் என்று நினைத்து அமுக்கினாயே. அதற்கு என்ன தெரியும். அதற்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான், பேச்சென்றால் கொடு, மற்றதை அமுக்கு. அக்காவின் பேச்சு ஒன்றுவிடாமல் ஏழு வருஷத்துக்கு மேல் கொண்டுவந்து கொடுத்ததும் இதுதான். எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும், குறையவே குறையாது என்று எழுதியவள் இப்போது என்ன செய்வாள், கோபத்தை எந்தப் பெட்டியில் போடுவாள். கோபமும் அந்த எண்ணோடு சேர்ந்ததுதான் போலிருக்கிறது, தனக்கு ஒன்றுமே ஆகாத பொருள் மேல் யாருக்குக் கோபம் வருகிறது. விட்டெறிய மனம் வரவில்லை. காதில் மறுபடி போடவும் மனம் வரவில்லை. இரண்டு ரூபாய் பேனா என்றால் சட்டைப் பையில் குத்திவைக்கலாம், இதை எங்கே வைப்பது. வீட்டுக் கதவுக்கு உட்புறம் ஓர் ஆணி இருக்கிறது, சாவி மாட்டுவதற்கு. அதில் தொலைந்துபோன பூட்டின் சாவி ஒன்று நான்கு வருஷமாகத் தொங்குகிறது, யாரும் எடுத்துப் போடவில்லை, யாருக்கும் அது தேவையும் இல்லை. கனி மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து தேவாவுக்கு எழுதினாள். காத்தாயி கீழே வைக்காததற்குக் காரணம் பாசம் இல்லை தேவா, ஆறு மணிக்கு வருகிற நம்ம கூட்டுகிறவன். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஓர் ஆணி வைப்போம். ஆணியில் மாட்டினதை அவன் தொடக்கூடாது. ஒடிந்ததை அங்கே மாட்டிவிட்டுப் புதுசைக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகட்டும். லீவு நாளில் போய் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மாட்டட்டும், அது போதும். இன்னொன்று, எத்தனை நாள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அந்தக் கட்டையோடு இருந்தபோது என்ன நடந்தது என்பதைக் கட்டையிலேயே எழுதி வைக்க வேண்டும். நல்லதும் கெட்டதும். அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் பதில் வந்தது. தேவா எழுதியிருந்தான்: "ஆணி. இது ஏன் நமக்கு இத்தனை நாள் தோணல? பிடிப்பு இருக்கட்டும். வாங்க, பேசலாம்."

மேலே பெனாசிர் மெஷினைக் கழற்றாமலேயே கம்ப்யூட்டரில் இரண்டு இடத்தில் இழுத்துச் சரிசெய்தாள், தெருச் சத்தம் கொஞ்சம் பதவிசாக இருக்கும் என்றாள். கனியின் கண் சிவந்திருந்ததைப் பார்த்தவள் ஒன்றும் கேட்கவில்லை, புதுசு போட்டுக்கொண்டு வெளியே போய் வருகிற பலர் அப்படித்தான் வருவார்கள் போலும். "பழசு குடுக்கலை" என்றாள் கனி. பெனாசிர் படிவத்தில் ஒரு கோடு போட்டாள். "வீட்டுல பேட்டரியைக் கழட்டி வைங்க மேடம். உள்ளயே இருந்தா கசிஞ்சு பாழாயிரும்" என்றாள், தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன டப்பாவும் எடுத்துக் கொடுத்தாள். கனி சுண்டலின் வாலைத் திறந்து பேட்டரியை எடுத்தாள். ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக மாற்றுப் பேட்டரி போடாமல் மூடினாள்.

படியில் நின்று அத்தானைக் கூப்பிட்டாள். ஒன்றரை வருஷத்தில் பொங்கலுக்கும் திதிக்கும் தவிரப் பேசியதில்லை, அதுவும் சாப்பிட்டீங்களா சாப்பிட்டேன் என்ற அளவில். நான்காவது மணியில் எடுத்தார். "கனியா? என்னம்மா, இந்நேரத்துல." பின்னால் குக்கர் விசில், அவரே சமைத்துக்கொள்கிறார். அவள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "அத்தான், அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்கல்லா. அக்கா மூச்சு வாங்குறது கேக்கலையான்னு. அன்னைக்குக் கேக்கல அத்தான். சத்தியமா கேக்கல. புது மெஷின் போட்டுருக்கேன், இன்னைக்குத்தான் கேட்டுச்சு." அந்தப் பக்கம் பேச்சில்லை. பழைய மெஷினாக இருந்தால் லைன் போய்விட்டதென்று வைத்திருப்பாள். இப்போது கேட்டது, மூக்கால் ஒரு நீண்ட மூச்சு, அடுப்பை அணைக்கிற சத்தம், நாற்காலியோ முக்காலியோ தரையில் இழுபடுவது. "எனக்கு தெனமும் கேட்டுச்சு கனி" என்றார் அத்தான். "பக்கத்துலதான படுத்துருந்தேன். கடையில அரிசி மூட்டைத் தூசி, அதான்னு சொன்னா. நான் சரின்னுட்டுத் திரும்பிப் படுத்தேன். யாரையாவது கேக்கணும்போல இருந்துச்சு அன்னைக்கு. ஒன்னையப் போயிக் கேட்டேன்." கனி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழவில்லை, அழாமல் இருப்பதற்கு அவர் படுகிற பாடு ஒவ்வொன்றாகக் கேட்டது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. கடைசியில், "அப்போ சுண்டலு?" என்று கேட்டார்.

"பையில இருக்கு அத்தான்."

"தூரப் போட்டுராத" என்றார்.